ஒச்சாயி தேடிய காலை மேளம்

மேளச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் ஒச்சாயிக்குக் கொண்டை முடிய நேரம் இருக்காது என்று செம்பாறைப்பட்டிப் பெண்கள் சொல்வார்கள். அதில் பெரிய மிகை ஒன்றும் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து ஒன்பது மைல் தள்ளியிருந்த அந்த ஊரில் அவளும் அவள் புருஷன் சோலைமுத்துவும் ஒரு ஏக்கர் சொச்சத்தில் மல்லிகையும் கனகாம்பரமும் போட்டிருந்தார்கள். விடியுமுன் மொட்டுப் பறித்து, ஈரத்துணியில் மூடி, முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது ஒச்சாயியின் வேலை. ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார அவளுக்கு வராது. சோறு தின்னும்போதுகூட ஒரு காலை மடக்கி, ஒரு காலைக் குத்துக்காலிட்டு, எந்த நேரமும் எழுந்து ஓடிவிடுகிறவள் மாதிரிதான் உட்காருவாள்.

பிறந்ததிலிருந்து அப்படி இல்லை. 1951ஆம் வருஷம், தை மாதத்து ஒரு காலையில் வந்து ஒட்டிக்கொண்டது அது.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். குடகனாற்றங்கரையில் இருக்கும் ஆத்துமேட்டுப்பட்டி அவள் பிறந்த ஊர். அங்கே முருகன் கோயிலில் தைப்பூசத்தை ஒட்டிப் பத்து நாள் திருவிழா. பத்து நாளும் காலையும் மாலையும் நாயனமும் தவிலும் உண்டு. மூன்று நாள் சாயங்காலம் பந்தலில் பாட்டுக் கச்சேரியும் உண்டு. சுற்றுப்பட்டிகளிலிருந்து அதற்கென்றே வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஒச்சாயியும் திருவிழாவுக்காகத் தாய்வீடு வந்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை. சாமி ஆற்றுக்குப் போய்த் திரும்புகிற நேரம். ஒச்சாயி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தண்ணீர் தெளியட்டும் என்று காத்திருந்தாள். வழக்கமாக வாசிக்கும் பெரிய வித்துவானுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை. இரண்டாம் நாயனக்காரர் மட்டும், ஒரே ஒரு தவில்காரரோடு, சாமிக்கு முன்னால் நடந்து வந்தார். கரையேறும் இடத்தில் சப்பரம் சற்று நின்றது. தவில்காரர் கையை நிறுத்திக்கொண்டார். அந்த ஆள் மட்டும் வாசித்தார்.

பத்து நிமிஷம் இருக்கும். அவ்வளவுதான். ஒச்சாயிக்கு அது சந்தோஷமாக இருந்ததா, துக்கமாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. ஊருக்குக் கிளம்பிப் பாதி வழி போன பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று திடீரென்று நெஞ்சில் ஒன்று புரளுமே, அந்த மாதிரி ஒரு பதைப்பு. எழுந்து நின்றாள். எங்கேயோ போகவேண்டும் போலிருந்தது. எங்கே என்று தெரியவில்லை. சப்பரம் நகர்ந்து தெருவுக்குள் திரும்பிவிட்டது. குடத்தை வீட்டில் போட்டுவிட்டு அவள் ஓடி வந்தபோது சாமி கோயிலுக்குள் போயிருந்தது. நாயனக்காரர் சத்திரத்துக்குப் போய்விட்டார். மறுநாள் அவரைக் காணவில்லை. ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

"பெரியவர் கூட்டியாந்த ஆளு. வேற செட்டு ஆளு போல" என்றார் கோயில் பூசாரி. "அவன் என்னத்த வாசிச்சான்? பெரியவரு வாசிச்சதக் கேட்டியா நீ? அதுல்ல வாசிப்பு!"

பெரியவர் அந்தச் சித்திரையிலேயே காலமாகிவிட்டார். அவருடைய செட்டும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டது.

ஆளைப் பற்றி ஒச்சாயிக்கு அப்போது அக்கறை இல்லை. அவளுக்கு வேண்டியது அந்த ராகம். அதன் பெயர் தெரிந்தால், வேறு யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முழுசாக ஒரு தடவை, அவசரமில்லாமல், கடைசிவரை கேட்டுவிட்டால் இந்தப் பதைப்பு அடங்கிவிடும் என்று நம்பினாள்.

ஆனால் எப்படிக் கேட்பது? பாடிக் காட்ட அவளுக்குக் குரல் இல்லை. தாலாட்டுப் பாடினாலே பிள்ளை விழித்துக்கொள்ளும். ராகங்களின் பெயர் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. வடமதுரைத் திருவிழாவில் பூக்கூடையோடு போய், ஓய்ந்து உட்கார்ந்திருந்த நாயனக்காரரிடம் கேட்டாள்.

"ஐயா, விடியக்காலம் வாசிப்பாகளே… மேல ஏறப்போற மாதிரி போயி, ஏறாமலே நிக்குமே… அது என்ன?"

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "தாயி, காலையில வாசிக்கிறது பத்து இருக்கு. எல்லாமே ஏறத்தான் செய்யும், நிக்கத்தான் செய்யும்."

"நீங்க வாசிங்க. இதுதான்னா நான் சொல்லிப்புடுவேன்."

அவர் ஒன்றிரண்டு வாசித்துக் காட்டினார். எதுவும் இல்லை.

இப்படித்தான் ஆரம்பித்தது. பூக்கூடை நல்ல சாக்காக அமைந்தது. திருவிழா நடக்கிற ஊரில் மாலைக்கும் சரத்துக்கும் எப்போதும் கிராக்கி. தாடிக்கொம்பு, சின்னாளபட்டி, நிலக்கோட்டை, நத்தம் என்று எந்த ஊரில் எப்போது கொடியேறும், எங்கே யார் மேளம் என்பதெல்லாம் இரண்டு மூன்று வருஷத்தில் அவளுக்குத் தலைகீழ்ப் பாடமாயிற்று. கூட்டத்தில் பின்னால் நிற்பாள். கண்ணை மூடமாட்டாள், தலையை ஆட்டமாட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே நிற்பாள். சில நேரம் ஒரு பிடி வாசிப்பில் அவள் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும். அடுத்த நொடி வாசிப்பு வேறு பக்கம் போய்விடும். அவளும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள்.

1954இல் ஒரு பங்குனி நாள், வடமதுரையில் காலை மேளம் என்று கேள்விப்பட்டு, மொட்டுப் பறிக்காமலே போய்விட்டாள். மாமியாரிடம் சொல்லிவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள், சொல்லவில்லை. சோலைமுத்து ஏலக்காய்க் கடைக்காரர் ஒருவரைப் பார்க்க வத்தலக்குண்டு போயிருந்தான். சாயங்காலம் அவள் திரும்பியபோது தோட்டம் முழுக்க மல்லிகை விரிந்து கிடந்தது. ஊரே மணத்தது. விரிந்த பூவை எந்த மார்க்கெட்டிலும் வாங்கமாட்டார்கள். அதற்குள் ஊர் திரும்பி வரப்பில் உட்கார்ந்திருந்த சோலைமுத்து அவளைப் பார்த்துச் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எதுனாச்சும் சொல்லுங்க" என்றாள்.

"என்னத்தச் சொல்ல? ஊருல சொல்றாக. நாயனக்காரன் பின்னாடி சுத்துறாளாம்னு சொல்றாக. நான் நம்பல. ஆனா நம்பலன்னு எம்புட்டு பேருகிட்டத்தான் சொல்லிக்கிட்டு இருக்க முடியும்?"

ஆண்கள் கூட்டத்துக்குள் போய் நாயனக்காரர்களிடம் பேச்சுக் கொடுக்கிறவளைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது அதுவரை அவள் மண்டையில் ஏறவே இல்லை. மறுநாள் மாரியம்மன் கோயிலில் சூடத்தின் மேல் கை வைத்து, இனி எந்தத் திருவிழாவுக்கும் போவதில்லை என்று சத்தியம் செய்தாள்.

ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சத்தியத்தைக் காப்பாற்றினாள். மார்க்கெட், தோட்டம், வீடு. இரண்டாவது பிள்ளை பிறந்தது. ஆனால் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை அவளால். கூட்டின வாசலையே திரும்பக் கூட்டுவாள். கட்டின சரத்தை அவிழ்த்து மறுபடி கட்டுவாள். பக்கத்து ஊரில் மேளம் கேட்டால் அம்மியில் போய் உட்கார்ந்து, அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் குழவியை உருட்டுவாள். அந்தச் சத்தத்தில் மேளம் கேட்காமல் போகட்டும் என்று. உடம்பு இளைத்துக்கொண்டே போனது.

ஒருநாள் சோலைமுத்துவே வாயைத் திறந்தான். "ஏ புள்ள, நாளைக்கு நிலக்கோட்டையில கொடியேத்தமாம். கெளம்பு. நானும் வாரேன்."

"சத்தியம் பண்ணியிருக்கேன்ல?"

"மாரியாத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வெறும் அம்மியப் போட்டு ஆட்டுறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல."

அதிலிருந்து அவன் கூட வர ஆரம்பித்தான். சங்கீதம் அவனுக்கு எள்ளளவும் பிடிபடாது. ஆலாபனை தொடங்கிய மூன்றாவது நிமிஷம் தூணில் சாய்ந்து தூங்கிவிடுவான். தவில் தனியாக ஆரம்பித்ததும் திடுக்கிட்டு எழுந்து, "கெடச்சுச்சா?" என்று கேட்பான். "இல்ல" என்பாள். மறுபடி தூங்குவான். புருஷன் பக்கத்தில் தூங்குகிறபோது ஊரார் பேச ஒன்றும் இல்லை.

அவளுக்குப் பெயர் சொல்லித் துலக்கிவிட முயன்றவர் ஒரே ஒருவர்தான்: அல்போன்சா டீச்சர். திண்டுக்கல்லில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு டீச்சர். சனிக்கிழமைதோறும் மாதா கோயில் பீடத்துக்கு வைக்க ஒச்சாயியிடம்தான் பூ வாங்குவார். ஒருநாள் பேச்சுவாக்கில் ஒச்சாயி இதைச் சொல்ல, டீச்சருக்கு ஆர்வம் தாங்கவில்லை. "இவ்வளவுதானே? வீட்டுக்கு வா. ஆர்மோனியம் இருக்கு. ஒவ்வொண்ணா வாசிக்கிறேன். நீ சொல்லு."

அது 1957 என்று நினைவு. பூ விற்றுவிட்டு நான்கு சனிக்கிழமை தொடர்ந்து போனாள். டீச்சர் பெட்டி முன்னால் உட்கார்ந்து, காலை ராகங்களாக எடுத்து வாசித்தார். ஒச்சாயி நிலைப்படியில் நின்றுகொண்டே கேட்டாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. பிலகரி வாசித்தார். "இல்ல டீச்சர்." மலயமாருதம் வாசித்தார். "இல்ல டீச்சர்." நான்காவது வாரம் பௌளி வாசித்தார். ஒச்சாயி ஓரடி உள்ளே வந்துவிட்டாள்.

"இதுவா?" என்றார் டீச்சர், வாசிப்பதை நிறுத்தாமல்.

"இது இல்ல. ஆனா கிட்டத்துல இருக்கு. இதுக்கு அடுத்த வீடு."

டீச்சர் சற்று யோசித்து, பூபாளம் வாசித்தார். ஏறுகிறபோது ஒரே ஒரு ஸ்வரம்தான் மாறியது. ஒச்சாயி தலையைப் பலமாக ஆட்டினாள். "இதுவும் இல்ல. அது இந்தப் பக்கத்து வீடு, இது அந்தப் பக்கத்து வீடு. நான் கேட்டது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து."

டீச்சர் பெட்டியைப் பார்த்தார். காந்தாரம் என்று இரண்டு கட்டைகளைத் தொட்டுக் காட்டினார். "பாரு, இதுக்கும் இதுக்கும் நடுவுல கட்டையே இல்லம்மா. அப்படி ஒரு ராகம் எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"நான் கேட்டேனே டீச்சர்."

"கேட்டிருப்பே. நான் இல்லேங்கல" என்றார் அவர். பௌளி, பூபாளம் என்று இரண்டு பெயர்களை மட்டும் ஒச்சாயி அந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். இனிமேல் நாயனக்காரர்களிடம் ஒழுங்காகக் கேட்கலாம். கேட்டாள். எல்லோரும் ஒன்று இதை வாசித்தார்கள், இல்லையென்றால் அதை வாசித்தார்கள்.

வருஷங்கள் போயின. பிள்ளைகள் மூன்றாயின. அவளுடைய தேடல் ஊருக்குப் பழகிவிட்டது, கேலிகூட அலுத்துப்போனது. அவளுக்கே தெரியாமல் வேறொன்றும் நடந்திருந்தது. அந்த ஒரு சந்தைத் தேடி அலைந்ததில், அந்தச் சீமையில் நாயனம் பிடிக்கிற அத்தனை பேருடைய வாசிப்பும் அவள் காதுக்குள் தனித்தனியாகப் போய் உட்கார்ந்திருந்தது. யாருக்கு மூச்சு நீளம், யார் மேலே போனால் கத்துவார், எந்தத் தவில்காரர் நாயனத்தை அமுக்கப் பார்ப்பார், எந்தச் செட்டு மூன்றாம் நாள் களைத்துப்போகும் என்று எல்லாம் தெரியும். யாரும் கேட்காததால் அவள் சொன்னதில்லை.

1963இல் ஊரே அவளிடம் கேட்கும் சந்தர்ப்பம் வந்தது. செம்பாறைப்பட்டி முருகன் கோயிலைப் புதுப்பித்துக் கட்டி, கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்கள். பத்து நாளும் நல்ல மேளம் வேண்டும் என்று ஊர் முடிவெடுத்தது. வடக்குத் தெரு ஒரு செட்டைச் சொன்னது. தெற்குத் தெரு வேறொன்றைச் சொன்னது. ஊரார் மூன்று முறை கூடி மூன்று முறையும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். விழாக் கமிட்டித் தலைவர் உடையப்பன், ஒச்சாயிக்கு மாமன் முறை. நாலாவது கூட்டத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏலே, உங்கள்ள எவனாவது ரெண்டு செட்டையும் உக்காந்து கேட்டிருக்கீகளா? ஒருத்தனுக்கு மச்சினன் சொன்னான், இன்னொருத்தனுக்குச் சம்பந்தி சொன்னான். பன்னெண்டு வருசமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத் திரியிற ஒரு பொம்பள இந்த ஊருல இருக்கா. அவளக் கூப்பிட்டுக் கேளுங்கப்பா."

சிலர் சிரித்தார்கள். ஆனால் வடக்குத் தெருவுக்குத் தெற்குத் தெரு ஜெயிப்பதைவிட இது மேல் என்று பட்டது. தெற்குத் தெருவுக்கும் அப்படியே. ஒச்சாயியைக் கூப்பிட்டார்கள். அவள் கூட்டத்து ஓரத்தில் நின்றுகொண்டு, தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, இரண்டு செட்டைப் பற்றியும் சொன்னாள். ஒன்றில் நாயனம் நன்று, ஆனால் அவருக்குக் கோபம் வந்தால் பாதியில் இறக்கி வைத்துவிடுவார். மற்றதில் தவில் நன்று, நாயனத்துக்கு மூச்சு போதாது.

"அப்ப யாருதான் ஆத்தா?" என்றார் உடையப்பன்.

"இந்தப் பக்கத்துல ரெண்டு மூணு பேரு இருக்காக. பழனிப் பக்கம் நான் அம்புட்டா போனதில்ல மாமா. ஒருதடவ கேட்டுப்புட்டுச் சொல்றேன்."

மார்கழி பிறக்குமுன் ஒரு வாரம், உடையப்பன், சோலைமுத்து, ஒச்சாயி மூவரும் பஸ் ஏறினார்கள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு செட்டைக் கேட்டார்கள். பழனியில் இரண்டு. ஒச்சாயி எதற்கும் தலையசைக்கவில்லை. "நெய்க்காரப்பட்டியில ஒரு கோயில்ல சாயங்காலப் பூசைக்கு வாசிக்கிறாகளாம், அதையும் பாத்துட்டுத் திரும்பிருவோம்" என்றார் உடையப்பன். அவருக்குக் கால் வீங்கிவிட்டது.

சின்னக் கோயில். கரும்புத் தோட்டத்து ஓரம். நாலே பேர் கொண்ட சின்னச் செட்டு. நாயனம் பிடித்தவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், பெயர் பொன்னுரங்கம் என்றார்கள். ஏதோ ஒரு சாயங்கால ராகத்தை எடுத்து வாசித்தார். மோசமில்லை. பிரமாதமும் இல்லை. ஒச்சாயி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே போகுமுன் அவர் சின்னதாக ஒரு மூச்சை விழுங்கினார், தயங்குவது போல ஓர் இடைவெளி, பிறகு ஏறினார். இரண்டாவது தடவையும் அப்படி. மூன்றாவது தடவை, ஆற்றங்கரையில் கேட்ட அதே தயக்கம் என்று பட, ஒச்சாயி தலையைத் தூக்கிவிட்டாள். சோலைமுத்துவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கெடச்சுச்சா?" என்றான் அவன், தூக்கத்தில்.

"ராகம் இல்ல. ஆளு."

பூசை முடிகிறவரை நிற்க அவளால் முடியவில்லை. கோயிலை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள். அவர் நாயனத்தை உறையில் போடப் போகையில் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நீங்க குடகனாத்துப் பக்கம், ஆத்துமேட்டுப்பட்டிக்கு வாசிக்க வந்திருக்கீகளா? பன்னெண்டு வருசம் இருக்கும். தைப்பூசம்."

பொன்னுரங்கத்தின் முகம் சட்டென்று சுருங்கியது. "ஏனுங்க அம்மணி, அது எதுக்குங்க இப்ப?"

"ஒம்பதாம் நாளு காலையில, ஆத்துக் கரையில தனியா வாசிச்சீகளே, அது என்ன ராகம்?"

அவர் உறையைக் கீழே வைத்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பௌளின்னு எடுத்தேனுங்க. ஆனா அது பௌளி இல்லீங்க. தப்புங்க அது."

"தப்பா?"

"ஆமாங்க. அன்னைக்கு என்ர சம்சாரத்துக்குப் பிரசவ நேரமுங்க. மொதப் புள்ள. ஊர்ல என்னாச்சோன்னு ஒரு தகவலும் இல்ல. நாலு நாளா தூக்கமில்லீங்க. பெரியவருக்குக் காய்ச்சல், நீ போய் வாசிச்சுட்டு வாடான்னுட்டாரு. வாயெல்லாம் காஞ்சு கிடக்குது. வாயில வச்சு ஊதற சீவாளியும் புதுசு, படியவே இல்ல. காந்தாரம் நிக்க வேண்டிய எடத்துல நிக்காம எறங்கி எறங்கிப் போச்சுங்க. நான் ஏத்தப் பாக்கறேன், அது வழுக்குது. பௌளியும் இல்லாம பூபாளமும் இல்லாம நடுவுல தொங்குச்சுங்க. தவில்காரரு அடிக்கறதையே நிறுத்திட்டாருங்க, அசிங்கமாப் போச்சுன்னு. பெரியவரு காதுக்குப் போய், அன்னைக்கே ஊருக்குக் கிளம்புன்னுட்டாரு."

உடையப்பன்தான் கேட்டார். "புள்ள?"

"நல்லபடியாப் பொறந்துச்சுங்க. பொம்பளப் புள்ள. ஆறாவது படிக்கறா." அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஆனா அந்த அவமானத்துல நான் நாயனத்தையே தொடலீங்க. கோயமுத்தூருக்குப் போயி பதினோரு வருசம் மில்லுல கிடந்தேன். இப்பத்தான் திரும்பி வந்து இந்தச் சின்ன செட்டு வச்சிருக்கேன்."

"அதத் திரும்ப ஒருதடவ வாசிங்க" என்றாள் ஒச்சாயி.

"தப்பையாங்க?"

"ஆமா. அதேதான்."

அவர் அவளை வினோதமாகப் பார்த்தார். ஆனால் அவள் கண்ணில் தெரிந்த தவிப்பைப் பார்த்து மறுக்க மனமில்லாமல், நாயனத்தை எடுத்தார். பௌளி எடுத்தார். காந்தாரத்தை இறக்கப் பார்த்தார். அது பூபாளமாகப் போய் நின்றது. உதட்டைத் தளர்த்தி ஏற்றினார், பௌளிக்கே வந்துவிட்டது. சீவாளியை மாற்றினார். மறுபடி. கால் மணி நேரம் போராடினார். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் நாயனத்தை மடியில் போட்டுக்கொண்டு சிரித்துவிட்டார்.

"தப்பு வரமாட்டேங்குதுங்க அம்மணி. வேணும்னு பண்ணுனா எங்கீங்க வருது?"

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒச்சாயி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கோபமாக இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராக ஓடியது, தோட்டத்து மல்லிகை விரிந்து வீணானது, பேச்சு வாங்கியது எல்லாம் ஒரு புருஷன், பெண்டாட்டியை நினைத்துக் கலங்கிப்போய் வாசித்த ஒரு பிசகுக்கா? திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டபோது அந்தக் கோபம் வேறு மாதிரி மாறியது. அந்த ஆள் அன்றைக்கு எங்கேயோ ஓடவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். ஆற்றங்கரையில் நின்ற தனக்கும் எங்கேயோ போகவேண்டும் போலிருந்ததே, அது அவருடைய துடிப்புத்தானா? சோலைமுத்துவிடம் இதைச் சொல்லத் திரும்பினாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை.

மூன்று நாள் அவள் கட்டின சரத்தையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். நாலாம் நாள் கமிட்டி கூடியது.

"சொல்லு ஆத்தா. பொன்னுரங்கத்துக்கு ஆளனுப்பிரட்டுமா?" என்றார் உடையப்பன். அவர் அப்படித்தான் முடிவு செய்திருந்தார். ஊரிலும் கதையைச் சொல்லிவிட்டிருந்தார். தேடிக் கண்டுபிடித்த ஆளைக் கும்பாபிஷேகத்துக்குக் கூட்டிவந்து வாசிக்க வைப்பதில் எல்லோருக்கும் ஒரு குஷி. வடக்கும் தெற்கும் அதில் மட்டும் ஒத்துப்போயிருந்தன.

"வேணாம் மாமா" என்றாள் ஒச்சாயி. "நத்தத்துக்கு அங்கிட்டு அண்ணந்தம்பி ரெண்டு பேரு இருக்காக. சின்ன வயசு. அவுகளக் கூப்பிடுங்க."

"என்ன புள்ள சொல்ற? அம்புட்டு வருசமாத் தேடின ஆளு!"

"அவரு பத்து நாள் தாங்கமாட்டாரு. மூச்சு பத்தாது. நம்ம கோயிலுக்கு நல்ல மேளம் வேணும்னுதான என்னைய அனுப்புனீக?"

அதைச் சொல்கையில் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். நெய்க்காரப்பட்டியில் பஸ் ஏற்றிவிட வந்தபோது, "கூப்புடுவீங்களுங்களா?" என்று பொன்னுரங்கம் மெல்லக் கேட்டிருந்தார். அவளும் ஆமாம் என்றோ இல்லையென்றோ சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு ஏறிவிட்டிருந்தாள்.

அண்ணன் தம்பி வந்தார்கள். இரண்டு நாள் இரண்டு தெருவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணன் ஒரு கல்யாணியை எடுத்தான். பந்தலில் வெற்றிலை மடித்த கை அப்படியே நின்றது. அடுத்த நாளிலிருந்து சுற்றுப்பட்டி ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. இடம் போதாமல் பக்கத்துக் களத்திலும் பாய் விரித்தார்கள். உடையப்பன் பார்ப்பவர்களிடமெல்லாம், "எங்க ஒச்சாயி புடிச்சுக் கொடுத்த செட்டு" என்றார்.

ஏழாம் நாள் பிற்பகல் பொன்னுரங்கம் வந்திறங்கினார், மகளையும் கூட்டிக்கொண்டு. யாரும் அழைக்கவில்லை, கேள்விப்பட்டு வந்திருந்தார். ஒச்சாயி அவரைப் பார்த்ததும் பூக்கூடைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். முடியவில்லை.

"ஏனுங்க அம்மணி, ஓடறீங்க?" என்றார் அவர். "என்னையக் கூப்புடலீன்னு மனசுக்கு வருத்தந்தானுங்க. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம், அப்படி யாரைத்தான் புடிச்சிருக்காங்கன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். முடிந்ததும் மேடைக்குப் போய் அந்த அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். திரும்பும்போது ஒச்சாயியிடம் ஒரு வார்த்தைதான் சொன்னார். "உங்களுக்குக் காது இருக்குதுங்க." ஒச்சாயி அவர் மகளின் தலையில் கனகாம்பரத்தை நாலு மடிப்பாக வைத்துவிட்டாள். பூ வைத்துக்கொள்ளப் பொறுமையில்லாமல் அந்தப் பெண் நெளிந்துகொண்டே நின்றாள்.

அதற்குப் பிறகு செம்பாறைப்பட்டிக்கு வெளியூர்க் கமிட்டிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். திருவிழாவுக்கு யாரைப் போடலாம் என்று கேட்க. முதலில் சோலைமுத்துவிடம் கேட்பார்கள். அவன் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டுவான். ஒச்சாயி மொட்டுப் பறித்துக்கொண்டே சொல்லுவாள். சில நேரம், "இருங்க, ஒருதடவ கேட்டுப்புட்டு வாரேன்" என்பாள். அவள் சொன்ன செட்டு சோடை போனதாக ஒன்றிரண்டு தடவை பேச்சும் வந்தது. அதையும் வாங்கிக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பதைப்பு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஆள் கிடைத்தான், காரணம் தெரிந்தது, அதோடு அடங்கிவிடும் என்று சோலைமுத்து நினைத்திருந்தான். அடங்கவில்லை. 1968இல், மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வந்திருந்த நாளன்று, காப்பி கொடுத்த கையோடு ஒச்சாயி புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

உடையப்பனின் மனைவி மூக்காயி வாசலில் மறித்தாள். "அடியே, மாப்பிள்ள வீட்டுக்காரவுக உள்ள உக்காந்திருக்காக. எங்கடி கெளம்பிட்ட? அதான் தேடினது தீந்துபோச்சுல்ல?"

"தேடல அத்தே. வேடசந்தூர்ல ஒரு பொம்பள நாயனம் வாசிக்கிறாளாம், இன்னைக்கு மட்டுந்தானாம். பேசி முடிங்க, செத்த நேரத்துல வந்துர்றேன்."

"பொம்பளயா!" என்று மூக்காயி வாயைப் பிளந்தாள்.

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் அப்பா எட்டிப் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்டார். சோலைமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னான். அந்த மனுஷர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்தார்.

"பஸ் எத்தன மணிக்குத் தாயி?"